தரைச் செய்தி என் வேலை அல்ல

சர்வதாரி வருடம், சித்திரை 2

புது வருடம். ஒல்லாந்தர் கணக்கில் இது ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டாம் வருடம். அவர்கள் பண்டகசாலையில் ஓரம் கிழிந்த காகிதம் ஒரு கட்டு வீசப்பட்டுக் கிடந்தது. எடுத்து வந்தேன்.

இந்தத் தேவனாம்பட்டினத்துத் துறையில் கப்பல்களோடு வந்து இறங்கும் செய்திகளைக் கேட்டு, சலித்து, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் செஞ்சிக் கோட்டைக்கு எழுதி அனுப்புவது என் உத்தியோகம். கடல் ராயசம் உத்தண்டராயப் பிள்ளை என்றால் துறைமுகத்து நாய்க்குக்கூடத் தெரியும். பதினெட்டு வருடமாக உலகத்தை எழுதுகிறேன். அனுப்பியதில் பாதி பொய். அனுப்பாததில் முக்கால் பங்கு நிஜம். அனுப்பாததை எழுதத்தான் இந்தக் காகிதம்.

ஏன் அனுப்புவதில்லை? சபையில் உரக்கப் படிக்கப்படும் கடிதம் அது. முதல் வரி மங்களமாக இருக்க வேண்டும். எந்த தேசத்து ராஜாவும் அதில் சாகக் கூடாது, வைகுண்டத்துக்கு எழுந்தருளலாம். கடைசி வரி 'மற்றபடி கடல் அமைதி' என்று முடிய வேண்டும், புயலில் பாதித் துறை போயிருந்தாலும் சரி. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரில் வந்த செய்தியைத்தான் நான் எழுதலாம். தரையில் வரும் செய்தி கோட்டையில் இருக்கும் தரை ராயசம் நரசய்யாவின் பாத்தியதை. ஒரு தரம் இங்கே நல்ல மழை என்று எழுதிவிட்டேன். மழை விழுந்தது தரையில் என்று அந்த மனிதன் பிராது கொடுத்தான். மூன்று மாதம் விசாரணை நடந்தது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு உலகம் எதற்கு?

வைகாசி 11

மண்ணாங்கட்டி செஞ்சியிலிருந்து திரும்பினான். நாற்பது வயது ஆள், கடிதம் சுமந்து இரண்டு நாளில் ஓடிவிடுவான். வாய் மட்டும் காலைவிட வேகம். வாசலிலேயே கத்தினான்.

"அய்யா! சின்னம்மா முழுவாம இருக்குது! மூணு மாசம்!"

தெருவே கேட்டது. என் மனைவி பூங்காவனம் அடுப்பை விட்டு ஓடி வந்து அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். எனக்கு அன்று மோர் இல்லை.

செங்கமலம் எங்களுக்கு ஒரே பெண். கோட்டையில் களஞ்சிய மணியம் பார்க்கும் சிங்கராயப் பிள்ளையின் மகனுக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெல்லும் எலியும் தவிர அவனுக்கு வேறு உலகம் கிடையாது. சம்பந்தியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. கல்யாணப் பந்தலில், பெண்ணைப் பெற்ற நான் இருக்கும்போது, முதல் தாம்பூலத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் நரசய்யா கையில் கொடுத்தான். எனக்கு இரண்டாவது. நான் அந்த வெற்றிலையைத் தொடாமல் எழுந்து வந்தேன். அன்றிலிருந்து செஞ்சிப் பக்கம் கால் வைக்கவில்லை.

பெண் கர்ப்பமாக இருக்கிறாள். சந்தோஷம்தான். அதற்காக மறந்துவிட முடியுமா?

ஆடி 5

மசூலிப்பட்டினத்துக் கப்பல் வந்தது. வடக்கே பாதுஷா புதிதாக ஒரு நகரமே கட்டி அதில் குடி புகுந்துவிட்டாராம். கோட்டைச் சுவர் சிவப்புக் கல், உள்ளே அரண்மனை வெள்ளைக் கல், அதன் நடுவே வாய்க்கால் ஓடுகிறதாம். இருந்த ஊர் புழுக்கமாக இருந்ததால் இந்த ஏற்பாடு. இங்கே புழுங்கினால் நாம் விசிறி தேடுகிறோம். அந்த மகானுபாவர் ஊரை மாற்றுகிறார்.

சபைக்கு ஏற்ற செய்தி. முதல் வரியாகப் போட்டேன். ஆறு வரி எழுதினேன்.

ஆடி 14

சபையில் வெள்ளைக்கல் வாய்க்காலைப் பற்றிக் கேட்டுப் பரவசப்பட்டார்களாம். நமக்கும் ஒன்று வெட்டலாமா என்று யோசனை நடக்கிறதாம். செஞ்சி மலைமேல் வாய்க்கால்! குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிறவர்கள்.

செங்கமலத்தின் வேலையும் தெரிந்துவிட்டது. மண்ணாங்கட்டி கடிதத்தைச் சபைக்குக் கொண்டுபோகும் முன்னால் அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். என்ன எழுதியிருக்கிறேன் என்று நான் இங்கே அவனிடம் சொன்னதை அப்படியே அவளிடம் ஒப்பிக்கிறான். சின்ன வயதில் நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஊரில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டே என் உயிரை எடுத்தவள். இப்போதும் கேட்டனுப்பியிருக்கிறாள்: அந்த அரண்மனையில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஜன்னல் உண்டா?

"ராஜாங்கக் கடிதத்தை வழியில் பிரிக்கிறாயா?" என்று மண்ணாங்கட்டியை வைதேன்.

"பிரிக்கல அய்யா. வாயிலதான சொன்னேன்."

ஜன்னல் உண்டு என்று சொல்லி அனுப்பினேன். கப்பல்காரனிடம் விசாரித்துத்தான் சொன்னேன்.

ஆவணி 9

குதிரைக் கப்பல் வரவில்லை. வருடா வருடம் ஆவணியில் அரபிக் குதிரை இருநூறாவது இறங்கும். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. மேற்குக் கரையிலேயே பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வந்த குதிரை அத்தனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். வெடியுப்பும் போயிற்றாம். கப்பலில் வந்த ஒருவன் என் காதோரம், "தெற்கே வரத்தான் ராயசமே, வேறெதுக்கு?" என்றான்.

எழுத உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். வராத குதிரை கடல் செய்தியா, தரைச் செய்தியா? வந்திருந்தால் கடல். ஆனால் அது மேற்குக் கரையில் இறங்கி நடந்தல்லவா போயிருக்கிறது? நடந்தால் தரை. தரை என்றால் நரசய்யா. முதல் தாம்பூலம் வாங்கினவன் முதல் செய்தியையும் சொல்லட்டுமே.

கடிதத்தில் எழுதியது: சிங்களத்திலிருந்து யானை நான்கு வந்தன, அதில் ஒன்றுக்கு நெற்றியில் நாமம் போல வெள்ளை மச்சம். மற்றபடி கடல் அமைதி.

புரட்டாசி 4

காலையில் ஒல்லாந்தர் பண்டகசாலையில் வரிசையாக வெடி போட்டார்கள். ஊர் ஜனம் பாதி கடலுக்கும் பாதி காட்டுக்கும் ஓடிற்று. விஷயம் இதுதான்: அவர்களுக்கும் இஸ்பானியா தேசத்து ராஜாவுக்கும் எண்பது வருடமாக நடந்துவந்த சண்டை தீர்ந்துவிட்டதாம். பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சண்டையை ஆரம்பித்தவர்களின் பேரன்மார்கூடச் செத்துப்போயிருப்பார்கள். எதற்காகச் சண்டை என்று அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியைக் கேட்டேன். அவன் பண்டகசாலைத் துரையைக் கேட்டான். துரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எனக்கு ஒரு கோப்பை சாராயம் நீட்டினார். நான் குடிக்கவில்லை.

வீட்டில் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"எம்பது வருஷச் சண்டையவே வுட்டுட்டானுங்க," என்றாள் பூங்காவனம். "உங்களுக்கு ரெண்டு வருஷம்தான் ஆவுது. ஒரு வெத்தல."

"அது வெற்றிலை இல்லை, மரியாதை."

"ஏழாம் மாசம் நடக்குது. பத்தொம்பதாந் தேதி வளையல் போடுறாங்க. போயி கூட்டியாந்துருவோம். தலைப்பிள்ள தாய் வூட்லதான் பொறக்கணும்."

போகலாம். யார் வேண்டாம் என்றது? சிங்கராயப் பிள்ளை தானே வந்து, என் வாசலில் நின்று, முதல் தாம்பூலத்தை என் கையில் கொடுத்து அழைக்கட்டும். மண்ணாங்கட்டியிடம் அப்படியே சொல்லி அனுப்பினேன்.

புரட்டாசி 15

பதில் வந்தது. களஞ்சியத்தை விட்டு அந்த மனிதனால் இப்போது நகர முடியாதாம். நெல் ஏற்றுகிறார்களாம், இரவும் பகலும் வண்டி வருகிறதாம். நல்ல சாக்கு. அறுப்பே இல்லாத புரட்டாசியில் என்ன நெல்?

புரட்டாசி 19

வளையல் போட்டிருப்பார்கள்.  பூங்காவனம் போட்ட சோற்றில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

புரட்டாசி 24

நகுதா சேகுமீரான் தாமே தலைவராக ஓட்டும் கப்பல் அரபு தேசத்து மொக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. எனக்கு இந்தத் துறையில் மதிக்கத் தகுந்த ஆள் ஒருவர் உண்டென்றால் அவர்தான், அதுவும் பொய்யைக் குறைவாகச் சொல்வதால். ஒரு சிப்பம் பேரீச்சம்பழம் கொடுத்தார். பரண்மேல் வைத்தேன், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பூங்காவனம் ஏன் என்று கேட்கவில்லை. செங்கமலத்துக்கு அது பிடிக்கும் என்பது ஒரு காரணம் அல்ல.

இந்தத் தடவை அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ரூம் சுல்தானோட பட்டணம் குலுங்கிப் போச்சு, ராயசம். இஸ்தாம்பூல். பூமியே ஆடிருச்சு. ஒரு பெரிய தொழுகை நேரமாம், பள்ளிவாசல் மேல விழுந்து ஆயிரக்கணக்குல மவுத்து."

எழுதிக்கொண்டேன்: ரூம் தேசத்தில் பூமி அசைந்தது, சிலர் மாண்டனர்.

"சிலரா?" என்றார்.

"சபையில் ஆயிரம் என்று படித்தால் முகம் சுளிப்பார்கள்."

அவர் என் காகிதத்தைப் பார்த்தார். பிறகு, "மொக்காவுல எனக்குப் பத்து வருஷமாச் சோறு போட்ட மனுசன் ஒருத்தர். மகளை அந்தப் பட்டணத்துல கட்டிக் குடுத்திருந்தாரு. மருமகனோட மனத்தாங்கல், ரொம்ப நாளாப் போகாம இருந்தாரு. இந்த வருஷம் மனசு கேக்காம போனாரு. போயி எட்டாம் நாளு. அவரும் மகளும் ஒரே வீட்டுக்குள்ள. அவரு பேரையும் அதுல எழுதுங்களேன்."

"பெயரா? நகுதா, மகாராஜாவுக்கு நான் எழுதுவது அரை வரி. அரை வரியில் ஒரு பட்டணமே செத்தாகிவிட்டது. இதில் சோறு போட்டவர் பெயரெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?"

அவர் பெயரைச் சொன்னார். நான் பேனாவைத் துடைத்து வைத்துவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அந்தப் பெயர் ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி 6

மண்ணாங்கட்டி மழையில் ஊறி வந்தான்.

"அய்யா, நகுதா சொன்னப்ப திண்ணையில இருந்து கேட்டேனே, அந்தப் பூமி ஆடுன கதைய சின்னம்மாகிட்ட சொன்னேன். மகளப் பாக்கப் போன அந்தப் பெரியவரு பேரு என்னான்னு கேட்டாங்க."

"வேறென்ன கேட்டாள்?"

"வேற ஒண்ணும் கேக்கல. அந்தப் பேரு மட்டும் கேட்டு வாடான்னாங்க."

நான் மண்ணாங்கட்டியை அறையப் போனேன். அவன் என்ன செய்வான்? அது கேள்வி இல்லை, சாட்டை. என்னிடம் கற்றுக்கொண்ட வித்தையை என்மேலேயே போடுகிறாள். பதில் சொல்லி அனுப்பவில்லை.

இன்னொன்றும் சொன்னான். கோட்டைக்கு வடக்கே கிராமத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு போகிறதாம். நரசய்யா அதைச் சபையில் சொன்னாரா என்றேன். "அவரு நல்ல நாள் பாத்துச் சொல்லலாம்னு இருக்காராம்," என்றான். இந்தக் கோட்டைக்கு இரண்டு ராயசம், இரண்டும் ரத்தினம்.

ஐப்பசி 7

பூங்காவனம் தானே போவதாகக் கிளம்பினாள். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வழி நடத்தக் கூடாது என்று அவளே ஊருக்கெல்லாம் சொல்லுவாள். அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். மூட்டையை அவிழ்த்தாள்.

"ஏழுல வுட்டுட்டீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்பதில் அழைத்து வரலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஐப்பசி 21

மழை. கப்பல் இல்லை. மற்றபடி கடல் அமைதி என்று எழுத இந்த ஒரு மாதம்தான் எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் எழுதினேன்.

கார்த்திகை 3

தீர்மானம் செய்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி நல்ல நாள். நானே போகிறேன். சிங்கராயப் பிள்ளை தாம்பூலம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் கேட்கப் போவதில்லை. பல்லக்குக்கு ஆள் சொல்லியாயிற்று. பரணிலிருந்து பேரீச்சம்பழத்தை இறக்கிப் பார்த்தேன், பூச்சி வைக்கவில்லை. பூங்காவனம் பார்த்துவிட்டாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல நாள் பார்க்காமல் நாளைக்கே போனால் என்ன என்கிறாள். பொம்பளை புத்தி.

கார்த்திகை 10

மண்ணாங்கட்டி திரும்பிவிட்டான். நான் அனுப்பிய கடிதம், முத்திரை உடையாமல், அவன் கையிலேயே இருக்கிறது.

கார்த்திகை 11

செஞ்சியைச் சுற்றிப் பீஜப்பூர்ப் படை. மூன்று மலைக்கும் சேர்த்துப் பாளையம் இறங்கியிருக்கிறது. வாசல்கள் அடைத்தாயிற்று. உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே. மண்ணாங்கட்டி ஒரு புளியமரத்தின் மேல் ஏறி அரை நாள் பார்த்தானாம்.

"குதிர அய்யா. எண்ண முடியல. பெருசு பெருசா, அரபிக் குதிர."

குதிரை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆவணி ஒன்பதாம் தேதியே தெரியும்.

கார்த்திகை 12

நல்ல நாள்.

கார்த்திகை 26

ஊரில் ஒவ்வொருவனும் ஒரு செய்தி சொல்கிறான். கோட்டை தாங்கும் என்கிறான் ஒருவன். பத்து வருடத்துக்கு நெல் இருக்கிறதாம். மதுரையிலிருந்து படை வருகிறது என்கிறான் ஒருவன். வந்த படை யார் பக்கம் என்று கேட்டால் மூக்குப்பொடி போடுகிறான். எத்தனை கேவலமான செய்திக்காரர்கள்! இவர்களில் ஒருவனுக்காவது பார்த்ததற்கும் கேட்டதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக இவர்களை நம்பித்தான் உலகத்தை எழுதினேன்.

குதிரையைப் பற்றி எழுதியிருந்தால் மட்டும் என்ன? வெள்ளை மச்சம் இருந்த யானையைப் பற்றித்தான் சபையில் மறுபடி கேட்டார்கள். எழுதியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செங்கமலம் கேட்டிருப்பாள். மண்ணாங்கட்டி அவளிடம் முதலில் சொல்லியிருப்பான். அவள் மூட்டை கட்டியிருப்பாள்.

மார்கழி 13

மழை விட்டு முதல் கப்பல். மசூலிப்பட்டினத்திலிருந்து ஒரு அர்மேனியன், கோஜா என்கிறார்கள், துணி வாங்க வந்தான். உலகத்தையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவர்கள் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கடிதம் வருகிறது.

மாஸ்கோ என்று வடக்கே பனி தேசம். உப்புக்கு வரி போட்டார்களாம். ஜனம் திரண்டு மந்திரிகளை வீட்டிலிருந்து இழுத்து அடித்துக் கொன்று ஊரைக் கொளுத்திவிட்டது. இஸ்தாம்பூலில் பூமி ஆடினதோடு நிற்கவில்லை. சுல்தானையே அவருடைய சொந்தச் சிப்பாய்கள் பிடித்து அடைத்து, பத்து நாள் கழித்துக் கழுத்தை நெரித்துவிட்டார்கள். பெற்ற தாயே சம்மதம் கொடுத்தாளாம். ஏழு வயதுப் பிள்ளையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"உங்கள் ராஜாவுக்கு இதை எழுதுவீர்களா?" என்று கோஜா கேட்டான். நல்ல தமிழ் பேசுகிறான்.

"எங்கள் கடிதத்தில் ராஜாக்கள் சாவதில்லை," என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன். பழக்கம் விடவில்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அனுப்புவதற்கு இடம் இல்லை.

பூங்காவனம் தினம் காலையில் குளித்துவிட்டு அங்காளம்மனுக்கு விளக்கு வைக்கிறாள். நாள் எண்ணுகிறாள் என்று தெரியும். பத்தாம் மாதம் நடக்கிறது. என்னிடம் எண்ணிச் சொல்வதில்லை.

மார்கழி 20

செஞ்சி பிடிபட்டது.

மார்கழி 29

ஒரு செய்தியும் இல்லை. மண்ணாங்கட்டியை அனுப்பியிருக்கிறேன்.

தை 6

இன்று காலை சிங்கராயப் பிள்ளை வந்தான்.

இரண்டு வருடம் நான் காத்திருந்த காட்சி. என் வாசலில் அந்த மனிதன் நிற்கிறான். பின்னால் மண்ணாங்கட்டி. சம்பந்தியின் காலில் செருப்பு இல்லை, பாதம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பல்லக்கில் தவிர நகராத ஆள். மார்பில் பழைய புடவையால் ஒரு தூளி கட்டியிருந்தான். புடவையை அடையாளம் தெரிந்தது. பூங்காவனம் எடுத்துக் கொடுத்தது.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.  பூங்காவனம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தூளியை அவிழ்த்தாள். பெண் குழந்தை. இருபது நாள் இருக்கும். கத்தத் தெம்பில்லாமல் முனகிற்று. பூங்காவனம் மேலே எதுவும் கேட்கவில்லை. குழந்தையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே பால் கொடுக்கிறவள் இருக்கிறாள்.

நாங்கள் இருவரும் நின்றோம்.

"வெளிக்கோட்டையில தான் மருத்துவச்சி வூடு," என்றான். "நாங்க உள்கோட்டையில. நடு வாசல அடச்சிட்டாங்க. கெஞ்சினேன் சம்பந்தி. வாசக்காரன் கால்ல வுழுந்தேன். மூணு நாள் கஷ்டப்பட்டுச்சு. புள்ளைய ஒருதரம் பாத்துச்சு, அவ்வளவுதான். பையன நெல்லு அளக்கப் புடிச்சி வெச்சிருக்கானுங்க. பொழச்சிருக்கான்."

அவிழ்ந்த தூளிப் புடவையை அவன் மடித்துக்கொண்டே இருந்தான்.

"புரட்டாசியிலயே நான் வந்து கூப்பிட்டிருக்கணும். எனக்குந்தான் வீம்பு. நெல்லு வேல இருந்தது நெசம். ஒரு நாள் வுட்டுட்டு வந்திருக்கலாம், அதுவும் நெசம்." பிறகு மடியிலிருந்து எதையோ எடுத்தான். இரண்டு வெற்றிலை, காய்ந்து கறுத்தது. வழியில் எங்கோ பறித்திருப்பான். பாக்கு இல்லை. "எடுத்துக்குங்க. கையில வேற ஒண்ணும் இல்ல."

முதல் தாம்பூலம்.

இந்த மனிதனை நான் இரண்டு வருடம் எப்படி எல்லாம் ஏசியிருக்கிறேன்! எலி என்றும் நெல்மூட்டை என்றும். இந்த எலி, இருபது நாள் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு, எதிரிப் பாளையத்துக்கு நடுவே இரண்டு நாள் வழியை நான்கு நாளாக நடந்து வந்திருக்கிறது. நான் இங்கே நல்ல நாள் பார்த்தேன். ஊரெல்லாம் முட்டாள் என்று பதினெட்டு வருடமாகக் குறித்து வைத்தவன், தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை மட்டும் குறிக்கவில்லை.

வாங்கிக்கொண்டேன். வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தெருவே பார்த்தது. அந்த மனிதன் பசியில் நின்றுகொண்டிருக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் சமைத்தது எதுவும் இல்லை. பேரீச்சம்பழச் சிப்பத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன்.

ஒன்றை எடுத்தான், வாயில் போடாமல் பார்த்தான். "கடைசி வரைக்கும் மண்ணாங்கட்டி வந்தானா, கடல் சேதி வந்துதான்னு கேட்டுக்கினே இருந்துச்சு," என்றான். "வாசல் அடச்சிருக்குதுன்னு சொன்னாலும் கேட்கும். ஏதோ ஒரு பேரு வரணுமாம். என்ன பேருன்னு எங்களுக்குத் தெரியல."

தை 22

கோட்டைக்கு வந்திருக்கும் புது அதிகாரியிடமிருந்து உத்தரவு. கடல் ராயசம் பழையபடி எழுதலாம். முதல் வரி மங்களமாக இருக்க வேண்டும். நரசய்யாவும் பழையபடி தரைக்கு. ராஜா போனார், ராஜ்யம் போயிற்று, வழக்கம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. மலை விழுந்தாலும் குமாஸ்தா சாக மாட்டான்.

எழுதவில்லை. குழந்தை ராத்திரி பகல் பார்க்காமல் கத்துகிறது. நல்ல தொண்டை வந்துவிட்டது.

மாசி 3

நகுதா சேகுமீரான் நாளை மறுநாள் மொக்காவுக்குப் பாய் விரிக்கிறார். விடைபெற வந்தார். விஷயம் அவருக்குத் தெரியும். துக்கம் கேட்பவர்கள் சொல்லும் எதையும் சொல்லாமல் உட்கார்ந்தார். சிங்கராயப் பிள்ளை ஓரமாகக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் காகிதத்தை எடுத்தேன்.

"நகுதா, மகளைப் பார்க்கப் போனவர். அவர் பெயர் என்ன சொன்னீர்கள்?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தாவூது. ஸாலிஹ் மகன் தாவூது. மக பேரு ஸல்மா."

எழுதினேன். நான்கு மாதம் தாமதம். கேட்டவள் இல்லை. ஆனாலும் எழுதினேன், எழுத்துப் பிசகாமல்.

"அங்க செஞ்சியப் பத்திக் கேப்பாங்க, ராயசம். கரையில எறங்குனதும் சேதி என்னான்னுதான் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"கோட்டை விழுந்தது, சிலர் மாண்டனர் என்று சொல்லுங்கள். அரை வரி. அதற்கு மேல் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நானாயிருந்தால் கேட்க மாட்டேன்."

"நான் சொல்லுவேன். உங்க மக பேரு என்ன?"

வாயைத் திறந்தேன். எத்தனை ராஜாக்களின் பெயர்களை எழுதிய கை, எத்தனை ஊர்ப் பெயர்களைச் சொன்ன நாக்கு. ஒன்றும் வரவில்லை. சிங்கராயப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பூங்காவனம் வெளியே வந்தாள். முப்பது வருடத்தில் அந்நிய ஆணிடம் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கூடத்து நடுவில் நின்று, நகுதாவை நேராகப் பார்த்து, வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"செங்கமலம்."

நகுதா எழுந்து நின்றார். மறந்துவிடாமல் இருக்க இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்குப் போனார்.